எழுத்து வகுப்பும் சிவப்பு மையும்

மனத்துயரை எழுதி ஆற்றலாம் என்று கூறி, பத்துப் பதினைந்து பேரை ஒருங்கே அமர்த்தி எழுதச் சொல்லும் வகுப்புகள் இப்பொழுது நம்மவரிடையும் தோன்றியுள்ளன. இவற்றிற்கு எழுத்துப் பட்டறை என்று பெயர் வைத்திருக்கின்றனர். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் இடத்தின் பெயரை நொந்த மனத்தினர் கூடும் இடத்திற்கு இட்டவர் யாரோ, நாம் அறியோம். வகுப்பு என்னும் பழைய சொல்லே நமக்குப் போதும்.

இவ்வகுப்புகளைக் கண்டு இலக்கிய அன்பர்கள் நகைக்கின்றனர். அழுகையெல்லாம் இலக்கியமாகுமா என்பது அவர்தம் கேள்வி. நடத்துவோரோ, இதனால் தீராத மனநோயே இல்லை என்பதுபோல் விளம்பரம் செய்கின்றனர். இவ்விரு சாராரும் செய்வது ஒரே பிழை என்பது நம் அபிப்பிராயம். இருவரும் எழுதப்பட்ட தாளைப் பார்க்கின்றனர். எழுதும் ஆளைப் பார்ப்பதில்லை. பிறரைக் குறைகூறும் பொருட்டு இதைச் சொல்லவில்லை. அப்பிழையை நாமே செய்தோம்.

செராஸ் வட்டாரத்தில், அடுக்கு வீடுகளின் கீழ்த்தளத்து மண்டபம் ஒன்றில், ஞாயிறுதோறும் மாலையில் இத்தகைய வகுப்பொன்றை நடத்தித் தருமாறு நண்பர் சிலர் நம்மை வேண்டினர். 2017 ஆம் ஆண்டில் காஜாங் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அவ்வட்டாரத்திற்குப் போய் வருவது எளிதாகிவிட்டது. ஆதலின் நம்மால் மறுக்கவும் இயலவில்லை. வந்தவர் பதினொரு பெண்களும் இரண்டு ஆண்களும். மருத்துவமனையில் தரை துடைப்பவர், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருப்பவர், கணவனை இழந்து ஆறு மாதமே ஆனவர். பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமாகிவிட, லயத்திலிருந்து புறம்போக்குக் குடிசைக்கும், குடிசையிலிருந்து அடுக்கு வீட்டிற்கும் வந்து சேர்ந்தவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதற்கும் குறைவு. அவ்வளவே அவர் கற்ற தமிழ்.

முதல் நாள், ‘நீங்கள் விட்டு வந்த வீடு’ என்று தலைப்புக் கொடுத்தோம். இருபது நிமிடம் எழுதினர். அம்மையார் ஒருவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். விடியுமுன் பால் மரம் வெட்டப் போகையில் ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற குழந்தை, நண்பகலில் திரும்பி வந்தபோது காய்ச்சலில் கிடந்ததும், இரண்டு நாளில் இறந்ததும், மூன்றாம் நாள் மீண்டும் மரத்தடிக்கு அவர் போனதும் அதில் இருந்தன. நாற்பதாண்டு பழைய செய்தி. யாரிடமும் சொல்லியதில்லை என்றார். நாம் என்ன செய்தோம்? பல்லாண்டு அச்சுப்பிழை திருத்திப் பழகிய கை நம் கை. ‘புள்ள’ என்று அவர் எழுதியிருந்த இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே ‘பிள்ளை’ என்று எழுதினோம். ஒற்று மிகும் இடங்களையும் விடவில்லை. பிறகு, மிகச் சிறந்த கட்டுரை என்று புகழ்ந்து, அவரைக் கேளாமலே அனைவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினோம். கைத்தட்டலும் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தோம். “எழுதத் தெரியாதவங்களுக்கு அங்க என்னா வேலைன்னு அக்கா கேக்குறாங்க, சார். அந்தத் தாளை மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்றார். கொடுத்தனுப்பினோம். அவர் பிறகு வரவேயில்லை.

நிற்க. இவ்வகுப்புகளுக்கு மூலமாகக் காட்டப்படும் மேனாட்டு ஆராய்ச்சியைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் உளநூற் பேராசிரியர், சாண்ட்ரா பீல் என்பாருடன் சேர்ந்து 1986 ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். 46 கல்லூரி மாணவர்களைப் பல குழுவாகப் பிரித்து, தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தனர். ஒரு சாரார் அற்ப விஷயங்களைப் பற்றி எழுதினர். மற்றையோர் தம் வாழ்க்கையில் நேர்ந்த பெருந்துன்பத்தைப் பற்றி எழுதினர். அவருள்ளும் சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ந்ததை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினர். பின் வந்த ஆறு மாதத்தில், இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரை நாடிச் செல்வது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அந்த வேளையில் அவர்தம் மனம் முன்னிலும் சோர்ந்திருந்தது; இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது.

இதன் பிறகு நூற்றுக்கணக்கில் சோதனைகள் நடந்துவிட்டன. 2006 ஆம் ஆண்டில் ஜோவான் பிராட்டரோலி என்னும் அம்மையார் 146 ஆய்வுகளை ஒருசேர எடுத்துக் கணக்கிட்டார். பயன் உண்டு, ஆனால் சிறிது என்பதே அவர் கண்ட முடிவு. சிறிது என்பதை நம்மவர் விளம்பரங்களில் எங்கும் காணோம்!

அதனினும் முக்கியமான வேறொன்றையும் நம்மவர் கவனிப்பதில்லை. அச்சோதனைகளில் எழுதியவர்கள் தனியறையில் தனியே எழுதினர். தாளில் பெயர் இல்லை. எழுதியதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டுவதில்லை. எழுத்துப் பிழையைப் பற்றியும் இலக்கணத்தைப் பற்றியும் கவலையே வேண்டாவென்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. நம் வகுப்புகளிலோ பலர் நடுவே எழுதுவதும், எழுந்து நின்று படிப்பதும், பாராட்டுப் பெறுவதும் நடைபெறுகின்றன. தனித்து எழுதியதால் வந்த நன்மையைச் சான்றாகக் காட்டிக் கூடிப் படிப்பதை நடத்துவது என்ன நியாயம்? ஒன்றுக்கு எழுதிய மருந்துச் சீட்டைக் கொண்டு வேறொன்றை விற்பது போன்றதன்றோ இது?

அப்படியாயின் கூடி எழுதுவதே வேண்டாவோ? அவ்வாறு சொல்ல நாம் துணியோம். ஏனெனில் தனியறை என்பது செராஸின் அடுக்கு வீட்டில் யாருக்கு உண்டு? இருப்பன மூன்றே அறைகள். ஓர் அறையில் மகனும் மருமகளும், ஒன்றில் பேரப்பிள்ளைகள், ஒன்றில் தாமும் கணவரும். கூடத்தில் தொலைக்காட்சி ஓயாது ஒலிக்கிறது. பூட்டுள்ள இழுப்பறை ஒன்றில்லை. நாட்குறிப்பு எழுதி வைத்தால் நாளைக்கு யார் கையில் கிடைக்கும் என்னும் அச்சம் வேறு. அத்தகையவர்க்குத் தனிமை கிடைக்கும் ஒரே இடம், வகுப்பு என்று சொல்லிவிட்டு வரக்கூடிய அந்த மண்டபந்தான். பத்துப் பேர் நடுவே குனிந்த தலையுடன் எழுதும் இருபது நிமிடத்தில் யாரும் அவரைச் சோறு கேட்பதில்லை. தனிமையைக் கூட்டத்திற் சென்று தேட வேண்டிய நிலையில் நம் பெண்களை வைத்திருக்கிறோம் என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி. ஆயினும் உண்மை அதுவே.

கூடி அழுவது நமக்குப் புதிதுமன்று. ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வட்டமாய் அமர்ந்து தோளோடு தோள் சேர்த்துப் பாடுகின்றனர். இறந்தவர் ஒருவர், ஆனால் பாடுகிறவள் தன் தாயை நினைத்துப் பாடுகிறாள், அடுத்தவள் தன் பிள்ளையை நினைத்துப் பாடுகிறாள். இன்னாருக்காக அழுகிறேன் என்று யாரும் பிரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. பாட்டின் மறைவில் அவரவர் துயரம் அவரவர்க்கு. சொல் தவறிற்று என்று திருத்துவார் எவருமில்லை. நாகரிகம் வந்துவிட்டது என்று கருதிய நம் குடும்பங்கள் பல, அயலார் என்ன நினைப்பரோ என்று நாணி ஒப்பாரியை நிறுத்திவிட்டன. சடங்குகளுள் எத்தனையோ வீணானவற்றை விடாது பற்றிக்கொண்டு, பெண்கள் வாய்விட்டு அழ இருந்த ஒன்றை மட்டும் கைவிட்டது நம் சீர்திருத்தத்தின் விந்தை! அதற்கு ஈடாக அவர்களுக்கு நாம் எதைக் கொடுத்தோம்? ‘குடும்ப மானம்’ என்னும் வாய்ப்பூட்டைக் கொடுத்தோம்.

வாய்ப்பூட்டு வீட்டளவில் நிற்பதன்று. சயாம் மரண ரயில் பாதை 1943 ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். திரும்பாதவர் மிகப் பலர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவல் வெளிவந்தது 1993 இல். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ வந்தது 2005 இல். இடையே கழிந்தவை 50 ஆண்டும் 60 ஆண்டும். திரும்பி வந்தவர்கள் அத்தனை காலமும் அதே தோட்டங்களில் நம்மிடையே இருந்தனர். மரம் வெட்டினர், குடித்தனர், இரவில் கத்தினர், இறந்தனர். அவரருகில் அமர்ந்து, ‘நடந்ததைச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்’ என்று கேட்டவர் எத்தனை பேர்? அந்நாவல்களை நாம் போற்றுகிறோம். ஆனால் அவை எழுதப்படும் வரை காத்திருக்க, அந்த மனிதர்களுக்கு ஆயுள் போதவில்லை.

இனி, நம் கை ஏன் சிவப்பு மையைத் தேடிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில், 1950 ஆம் ஆண்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு ஒன்றை நடத்தினர். எழுத விரும்பியவர்க்குப் பாடம் சொல்லி, எழுதியனுப்பியதை ஆராய்ந்து, குறைநிறை காட்டித் தேற்றினர். பின்னர்ச் சுப. நாராயணன் ‘தமிழ் முரசு’ இதழில் ரசனை வகுப்பும் நடத்தினார். மலாயாத் தமிழ்ச் சிறுகதைக்கு இவற்றால் விளைந்த நன்மை பெரிது. இந்நாட்டில் எழுத்து வகுப்பு என்றவுடன் நம்மனோர் நினைவில் எழுவது அம்முறையே. திருத்துதல், தரம் பிரித்தல், பரிசளித்தல், நூலாக்குதல் ஆகிய எல்லாம் அதன் வழி வந்தவை. அம்முறையை நாம் குறைகூறவில்லை. எழுத்தாளனாக விரும்பி வந்தவனிடம் குறையை மறைப்பது துரோகம். ஆனால் ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற பிள்ளையைப் பற்றி எழுதிய அம்மையார் எழுத்தாளராக வேண்டி வரவில்லை. அவரிடம் கதை வகுப்பின் அளவுகோலை நீட்டியது, வயிற்றுவலியென்று வந்தவரின் கையெழுத்து அழகைச் சோதித்தது போலாயிற்று.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நன்குணர்ந்து வகுப்பு நடத்தியவர் பாட் ஷ்னைடர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. வறுமையிற் பிறந்து வளர்ந்தவர். 1981 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஆமர்ஸ்ட் நகரில் தம் எழுத்து வகுப்பிற்கு அமைப்பொன்றை நிறுவினார். அருகிலுள்ள சிகோப்பி என்னும் ஊரில், ஏழைகளுக்கான அரசாங்க வீடுகளில் வாழ்ந்த பெண்களோடு பல்லாண்டு அமர்ந்து எழுதினார். அவர் வகுத்த ஒழுங்குகள் 2003 இல் வெளியான அவரது நூலில் உள்ளன. எழுதியதைப் படிப்பதும் படியாதிருப்பதும் எழுதியவர் விருப்பம். அங்குப் படித்ததை வெளியே பேசலாகாது. எழுதியவர் தாமே வேறு சொன்னாலன்றி, எழுதியது எதுவாயினும் அதைக் கற்பனை என்றே கொண்டு பேசவேண்டும். ‘உன் கணவனா அப்படிச் செய்தான்?’ என்று கேட்கலாகாது, ‘கதையில் வரும் கணவன்’ என்றே சொல்லவேண்டும். புதிதாய் எழுதியதில் குற்றம் காணலாகாது. வகுப்பை நடத்துபவரும் மற்றவரோடு எழுதவேண்டும். தாம் எழுதியதை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு முறையேனும் படிக்கவேண்டும்.

இவற்றுள் கற்பனை என்று கொள்ளும் ஒழுங்கு நம்மை வியப்பிலாழ்த்தியது. ஒப்பாரியின் மறைவு இதுவேயன்றோ? அடுக்கு வீட்டில் ஒருவர் கதை மாலைக்குள் ஏழு மாடிக்கும் எட்டிவிடும். அவ்விடத்தில் இந்த மெல்லிய திரையில்லாமல் ஒரு பெண் உண்மையை எப்படி எழுதுவாள்? கடைசி ஒழுங்கோ நமக்குக் கடினமாயிருந்தது. நாற்பதாண்டாகப் பிறர் எழுத்தை எடைபோட்டே பழகிய நாம், நம் தந்தையாரின் குடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அவர்கள் முன் படித்த அன்று குரல் நடுங்கிற்று. படித்து முடித்ததும் யாரும் கைத்தட்டவில்லை. ஒருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நாம் கைத்தட்டல் வாங்கிக் கொடுத்த அம்மையாருக்கு அன்று எப்படியிருந்திருக்கும் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

எழுதியதைக் காப்பது வெறும் மரியாதை சார்ந்த விஷயம் என்று எண்ணுவார்க்கு ஒன்று சொல்வோம். தற்கொலைக்கு முயல்வது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவின்படி 2023 ஆம் ஆண்டு வரை குற்றமாயிருந்தது. ஓராண்டு வரை சிறை விதிக்க இடமிருந்தது. அவ்வாண்டில்தான் நாடாளுமன்றம் அதை நீக்கிற்று. அதுவரை, ‘ஒருநாள் மாத்திரைகளை விழுங்கினேன்’ என்று ஒரு பெண் இத்தகைய வகுப்பில் எழுதியிருப்பாளாயின், அத்தாள் அவள் குற்றத்திற்கு அவளே எழுதிய சாட்சி. சட்டம் மாறியது. அண்டை அயலாரின் நாக்கு அதே நாளில் மாறிவிடுமா? இந்நிலையில், வகுப்பு முடிந்ததும் எழுதிய தாள்களைக் கைப்பேசியிற் படமெடுத்து, பணம் கொடுத்தவர்க்கு அறிக்கையோடு அனுப்புவோரைக் கண்டிருக்கிறோம். கண்ணீர் விடும் பெண்ணின் படத்தைப் போட்டு, ‘எமது சேவை’ என்று எழுதுவதையும் கண்டிருக்கிறோம். இவர்களைவிட, அழுகை இலக்கியமாகாது என்று நகைப்பவர்கள் எவ்வளவோ மேல். அவர்களால் யாருக்கும் தீங்கில்லை.

நடத்துவோர் அறிய வேண்டிய எல்லை ஒன்றுண்டு. எழுதி முடித்த வேளையில் மனம் சோர்ந்திருக்கும் என்பதை 1986 ஆம் ஆண்டுச் சோதனையே காட்டிற்று. புண்ணைத் திறந்துவிட்டு, நேரமாயிற்று என்று விளக்கையணைத்து அனுப்புவது கொடுமை. எழுதுவதற்கு இருபது நிமிடமானால், அதன்பின் சும்மா உட்கார்ந்திருக்க அரைமணியேனும் வேண்டும். தாங்க முடியாததை எழுதவேண்டுவதில்லை, பேனாவை வைத்துவிடலாம் என்று பென்னிபேக்கரே அறிவுறுத்தியிருக்கிறார். இதை ஒவ்வொரு நாளும் முதலிலேயே சொல்லவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுத்தில் தோன்றினால் அது வகுப்பால் ஆற்றக்கூடியதன்று. மருத்துவமனைக்கு உடன் செல்லவேண்டும். 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் என்னும் சங்கத்தார் எந்நேரமும் தொலைபேசியில் செவிசாய்க்கின்றனர் என்பதையாவது தெரிந்து வைத்திருக்கவேண்டும். அடிக்கும் கணவனைப் பற்றி எழுதினால் அடி நிற்காது. அதற்குப் போலீசும் சட்டமும் வேண்டும். குறைந்த கூலியைப் பற்றி எழுதினால் கூலி உயராது. அதற்குத் தொழிற்சங்கம் வேண்டும். வேலையாட்களுக்குச் சம்பளத்தைக் கூட்டாமல் மனநல எழுத்து வகுப்பு வைத்துக் கொடுக்கும் முதலாளிகள் தோன்றுங்காலம் தொலைவில் இல்லை என்று நமக்கு ஓர் ஐயம்.

அழுகை இலக்கியமாகுமா என்னும் கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அவ்வகுப்பில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இலக்கியமல்ல. ஆகவேண்டும் என்று எழுதப்பட்டவையுமல்ல. ஆயினும், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்க்கே பயன் விளைந்தது என்னும் அந்தச் சோதனை முடிவு, திறனாய்வாளராகிய நமக்கு எங்கோ கேட்ட குரலாயிருக்கிறது. நடந்ததை மட்டும் சொன்னால் அறிக்கை; உணர்ந்ததை மட்டும் சொன்னால் புலம்பல்; இரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பதே நல்ல கதை என்று நாம் கதை வகுப்புகளிற் சொல்லி வந்திருக்கிறோமே! முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’ போன்ற தன்வரலாற்றைப் படிப்போர் அதில் வாழ்க்கைச் செய்திகளும் மனமும் பிணைந்து வருவதைக் காண்பர். இரண்டு வகுப்பிற்கும் வழி வேறு. நடுவில் எங்கோ ஓரிடத்தில் அவை சந்திக்கின்றன. ஆனால் அவ்விடத்திற்கு ஒருவரைப் பிடித்துத் தள்ளுவது நம் வேலையன்று.

‘புள்ள’ என்பதற்கு வருவோம். ‘பிள்ளை’ என்று திருத்தியபின் அந்தப் பக்கத்தை நாம் மீண்டும் படித்தபோதே ஏதோ குறைந்தாற்போலிருந்தது. காரணம் அப்பொழுது தெரியவில்லை. ‘பிள்ளை’ நம்முடைய சொல். இறந்தது அவருடைய புள்ள.

அவ்வகுப்பு இப்பொழுதும் நடைபெறுகிறது. சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். தாள் கொடுப்பதை நிறுத்தி, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம்; வீட்டிற்கு எடுத்துச் செல்ல அஞ்சுவோரின் நோட்டுகளுக்காக மண்டபத்து அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கினோம். சாவி எழுதுவோரிடமே இருக்கிறது. மலாய்ச் சொல் கலந்து எழுதலாமா என்று ஒருவர் கேட்டார்; எந்தச் சொல் வருகிறதோ அதை எழுதுங்கள் என்றோம். சென்ற மாதம் ஆண்டு மலர் தொகுக்கும் நண்பர் ஒருவர் நம்மிடம் வந்து, செராஸ் பெண்கள் எழுதியவற்றுள் நான்கைந்தைத் தரவேண்டும் என்றார். அவை நம்முடையவை அல்ல, கேட்டுச் சொல்கிறோம் என்றோம். அன்று வந்திருந்தவர் ஒன்பது பேர். ஏழு பேர் மாட்டோம் என்றனர். ஒருவர், மாமியார் காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஒருவர் மட்டும் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். தோட்டத்து லயத்தில் மழைநாளில் கூரை ஒழுகும் இடங்களில் வைத்த பாத்திரங்களைப் பற்றி எழுதியது. ஓர் எழுத்தையும் மாற்றாமல் போடுவதாயின் போடலாம் என்றார். நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.